புல்மோட்டைக் கனிய மணலும் பொறி பழுதுபார்ப்போரும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோணேசர் ஆலயத்தையும் ஐரோப்பியர் போட்டியிட்ட துறைமுகத்தையுமே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். பட்டினத்திற்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள புல்மோட்டையின் கரிய மணற்கரை அவர்தம் நூல்களில் இடம்பெறுதல் அரிது. இடம்பெறுமிடத்தும் ஏற்றுமதித் தொகையும் கனிய வகைகளும் கூறப்படுவதோடு செய்தி முடிந்துவிடுகின்றது. அம்மணலைப் பிரிக்கும் பொறிகளைப் பழுதுபார்த்து ஓடச்செய்த தொழிலாளர் எத்தகைய ஆபத்துக்களை எதிர்நோக்கினர், அவர்களைக் காக்கும் விதிகள் எவ்வாறு உருப்பெற்றன என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. அவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலும் ஆலையும்

இலங்கையின் கனியங்களை முறைப்படி ஆராயும் பணி 1903இல் தொடங்கிய கனிய ஆய்வுடன் ஆரம்பமாகின்றது. அதனை முதலில் நெறிப்படுத்தியவர், பின்னாளிற் கலை வரலாற்றறிஞராக உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி என்பது மாணவர் பலர் அறியாத செய்தியாகும். அதே காலப்பகுதியில் தென்திருவிதாங்கூர்க் கரையில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில், மொனசைற்று மணல் அகழும் தொழில் தோன்றியது. வங்காள விரிகுடாவின் மேற்கெல்லையிலுள்ள புல்மோட்டைக் கரை சற்றுக் காலந்தாழ்த்தியே தொழிற்றுறையின் கண்ணிற்பட்டது. 1957இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. பின்னர் சீனன்குடாவிலும் ஓர் ஆலை இயங்கியது.

அரிசிமலையிலிருந்து கொக்கிளாய் வரை நீளும் இக்கரையின் மணலில் இல்மனைற்று மிகுதியாகவும், உரூற்றைல், சிர்க்கன் ஆகியன அதற்கடுத்தும், மொனசைற்று சிறிதளவும் உள்ளன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் கொந்தளிக்கும் கடல், அகழப்பட்ட கரைக்கு மீண்டும் பாரமான கனியங்களைக் கொணர்ந்து சேர்க்கின்றது. இயற்கை இவ்வாறு பொருளை வழங்கினும், அதனைப் பிரித்தெடுத்தல் பொறிகளின் வேலையாகும். அள்ளிய மணலை நன்னீரிற் கழுவி உப்பகற்றி, வெப்பமூட்டி உலர்த்தி, காந்தப் பிரிப்பான்களால் இல்மனைற்றை வேறாக்குவர். எஞ்சிய மணலில் மின்னைக் கடத்தும் உரூற்றைலையும் கடத்தாத சிர்க்கனையும் உயர் மின்னழுத்தப் பிரிப்பான்கள் பிரிக்கும்.

பழுதுபார்ப்போன் நிலை

இவ்வொவ்வொரு படியும் பொறியை விரைவிற் பழுதடையச் செய்வது. நீரினும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட அடர்த்தியுடைய இம்மணல், சுமக்கும் பட்டிகளையும் குழாய்களையும் ஓயாது தேய்க்கும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். நுண்துகள் உருளைத் தாங்கிகளினுட் புகும். எனவே இத்தகைய ஆலையிற் பழுதுபார்த்தல் இடையிடையே நேரும் நிகழ்ச்சியன்று, அன்றாடக் கடமையாகும்.

பொறியை இயக்குவோன் அதன் வெளியே நிற்கின்றான். பழுதுபார்ப்போனோ அதனுள்ளே கையையும் சில வேளைகளில் உடலையும் செலுத்துகின்றான். நிறுத்தப்பட்ட பட்டியை வேறொருவர் அறியாது இயக்கிவிடின் அவன் கை அகப்பட்டுக்கொள்ளும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் உயர் மின்னழுத்தக் கருவியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஆதலின் புவித்தொடுப்புச் செய்த பின்னரே அதனைத் தொடல் வேண்டும். வலிய காந்தத்தின் அருகே ஸ்பனரைக் கொண்டுசெல்பவனின் விரல்கள் இரண்டிற்குமிடையே நசுங்கலாம். மணற் சேமிப்புத் தொட்டியினுள் இறங்குபவன் சரியும் மணலிற் புதையுண்டு மூச்சடைக்கலாம். உலர்ந்த மணலிலுள்ள படிகத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மொனசைற்றிலோ கதிர்வீசும் தோரியம் உண்டு. அது செறிந்து சேருமிடத்திலே துப்புரவு செய்வோர் தூசைச் சுவாசியாதிருத்தல் இன்றியமையாதது.

சட்டத்தின் வளர்ச்சி

1844ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம் பொறிகளுக்கு வேலியிடுதலைக் கட்டாயமாக்கியது. சிறுவர் ஓடும் பொறியைத் துப்புரவு செய்தலையும் தடைசெய்தது. பொறியைப் பேணும் வேலை அதனை இயக்குவதினும் வேறான ஆபத்துடையது என்பதைச் சட்டம் உணரத் தொடங்கியமைக்கு இது சான்றாகும். இலங்கையிலே காரீய அகழ்வு செழித்த காலத்தில், 1896இல், சுரங்கங்களையும் பொறிகளையும் பற்றிய பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் வந்தன.

இவற்றின் பயனை மறுத்தற்கியலாது. ஆயினும் இம்மரபின் நடுநாயகமான கருத்து வேலி என்பது மனங்கொள்ளத்தக்கது. வேலி இயக்குவோனைக் காக்கும். பழுதுபார்ப்போனோ அவ்வேலியைக் கழற்றிய பின்னரே தன் வேலையைத் தொடங்கவியலும். அவனுக்குத் தேவையானது, பொறி மீண்டும் இயங்கமாட்டாது என்னும் உறுதியாகும். ஆளியை நிறுத்தி, அதற்குத் தன் பூட்டையிட்டு, பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, திறப்பைத் தானே வைத்திருந்து, பின் இயக்கிப் பார்த்து இயங்காமையைச் சோதித்தல் என்னும் ஒழுங்கு அவ்வுறுதியைத் தருவது. ஐக்கிய அமெரிக்காவிலேனும் இம்முறை பொதுத் தொழிற்றுறைக்குரிய கூட்டாட்சி விதியாக 1989இலேயே வகுக்கப்பட்டது. 1844இலிருந்து எண்ணின் இடைப்பட்ட காலம் 145 ஆண்டுகள். பழுதுபார்ப்போனின் உயிர் சட்டத்தின் கவனத்தை எவ்வளவு தாமதமாகப் பெற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

துறைமுகம் தந்த பாடம்

வேலை ஒழுங்கின் இன்றியமையாமையைக் காட்டும் நிகழ்ச்சியொன்று திருகோணமலைத் துறைமுகத்திலேயே நடந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆகஸ்ட் 8ஆம் நாள், ‘வேலியன்ற்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைப் பழுதுபார்க்கும் பொருட்டு மிதக்கும் கப்பற்றுறையொன்றில் உயர்த்தினர். நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கிய ஒழுங்கு கப்பலின் பாரப் பகிர்வுக்கு ஏற்றதாக அமையாமையால், மிதப்புத்துறை முறிந்து மூழ்கியது, கப்பலும் பெருஞ்சேதமுற்றது. இரும்பின் வலிமையோ தொழிலாளரின் உழைப்போ இங்கு குறைவுபடவில்லை. எதனை முதலிற் செய்வது, எதனை அடுத்துச் செய்வது என்னும் வரிசையே பிழைத்தது. கப்பற்றுறைக்கும் மணல் ஆலைக்கும் இவ்விதி பொதுவாகும்.

போர்க்காலமும் பராமரிப்பும்

பிற்காலப் போர் இக்கைத்தொழிலை நேரடியாகவே தாக்கியது. 1997 செப்டெம்பர் 9ஆம் நாள், புல்மோட்டைக் கடலில் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியலிற்றி’ என்னும் கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்குள்ளாகியது, மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர், ஏற்றுமதி தடைப்பட்டது. கூட்டுத்தாபனம் அதற்கு முன்னரே, 1992இல், அரசுக்குரிய கம்பனியாக மாற்றப்பட்டிருந்தது.

இத்தகைய காலங்களில் உற்பத்தி நின்றதை வரலாறு பதிவுசெய்கின்றது. நின்ற பொறி மீண்டும் ஓடுவதன் இடர்ப்பாடு பதிவாவதில்லை. கடலோரத்திற் பொறி ஓய்ந்திருத்தல் அதற்கு ஓய்வாகாது. துருவேறிய ஆணி, காப்புறை வெடித்த மின்கம்பி, இறுகிய தாங்கி ஆகியன மறு இயக்கத்தின் முதல் நாளிலேயே தம் குறையைக் காட்டும். உதிரிப்பாகம் கிடையாதவிடத்து உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் திறனை நாம் கெட்டித்தனம் எனப் பாராட்டுகின்றோம். அப்பாராட்டின் பின்னே உயிராபத்தொன்று மறைந்திருத்தலையும் ஆராய்வோர் நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புல்மோட்டையின் வரலாறு மணலின் வரலாறு மட்டுமன்று என்பது பெறப்படும். ஏற்றுமதிக் கணக்குகள் சுவடிக்கூடங்களிற் பேணப்படுகின்றன. எந்தப் பொறி எப்போது பழுதுற்றது, அதனை எவர் எவ்வாறு சீர்செய்தார், எவர் காயமுற்றார் என்னும் செய்திகளோ பழுதுபார்ப்புப் பதிவேடுகளிலும் ஓய்வுபெற்ற தொழிலாளரின் நினைவிலும் தங்கியிருப்பவை. பதிவேடுகள் கறையானுக்கு இரையாகும். நினைவுகள் அவரோடு மறையும். கல்வெட்டைப் படியெடுக்க நாடெங்கும் செல்லும் வரலாற்று மாணவர், புல்மோட்டைக்கும் சீனன்குடாவிற்கும் சென்று இம்முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்தல் காலத்தின் தேவையாகும். பாதுகாப்பு விதி ஒவ்வொன்றின் பின்னும் எவரோ ஒருவர் பட்ட காயம் உண்டு. அவர் எவரென அறிந்து எழுதுதல் வரலாற்றுத்துறையின் கடனேயாம்.