வடுவா, அதிர்ச்சியா?

செவிலியர் பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழ் வடிவத்தைத் திருத்தித் தரும்படி சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ‘ட்ராமா இன்ஃபார்ம்ட் கேர்’ என்பதை மொழிபெயர்த்தவர் ‘அதிர்ச்சித் தகவல் பராமரிப்பு’ என்று ஆக்கியிருந்தார். தொலைக்காட்சிச் செய்தியில் திரைக்கு அடியில் ஓடும் சிவப்புப் பட்டைதான் கண்முன் வந்தது. சிரித்து முடித்துவிட்டு, சரியான சொல்லை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

முதல் சொல்லிலேயே வம்பு. நம் ஊரில் ‘ட்ராமா’ என்று பலகை மாட்டியிருந்தால் அங்கே சாலை விபத்தில் அடிபட்டவர்களைப் பார்க்கிறார்கள் என்று பொருள். உடைந்த எலும்பு, தலைக்காயம், தையல். இன்னொரு ‘டிராமா’வும் இருக்கிறது. காதில் விழும்போது இரண்டுக்கும் அவ்வளவாக வேறுபாடு கிடையாது. ஊசி போட வந்தவரைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளும் பெண்ணிடம், பரிசோதனை மேசையில் உடம்பை இறுக்கிக்கொண்டு அழுபவளிடம், “டிராமா பண்ணாதேம்மா” என்று சொல்வதைப் பிரசவ வார்டுக்குப் போய்வந்த எந்தப் பெண்ணும் கேட்டிருப்பாள். ஒரே ஒலியில் நோயும் இருக்கிறது, அந்த நோயை நம்ப மறுக்கும் வசவும் இருக்கிறது.

வரலாற்றைப் புரட்டினால் இது வெறும் ஒலி ஒற்றுமை இல்லை என்று தோன்றுகிறது. கிரேக்கத்தில் ‘ட்ரௌமா’ என்றால் புண். துளைத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. நெடுங்காலம் அது அறுவை மருத்துவர்களின் சொல்லாகவே இருந்தது. அதை உடம்பிலிருந்து மனத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது ரயில் வண்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரயில் விபத்தில் தப்பியவர்கள் சிலருக்கு வெளிக்காயமே இல்லை. ஆனால் தூக்கம் போயிற்று, கை நடுங்கிற்று, நினைவு தடுமாறிற்று. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் இதைப் பற்றி எழுதி, முதுகுத்தண்டு குலுங்கியதால் வந்த கோளாறு என்றார். ‘ரயில்வே முதுகெலும்பு’ என்று பெயரும் நிலைத்தது. ரயில் கம்பெனிகள் சும்மா இருக்குமா? நஷ்டஈட்டுக்காக நடிக்கிறார்கள் என்று வழக்காடின. 1889இல் பெர்லினில் ஹெர்மன் ஓப்பன்ஹைம் ‘ட்ராமாட்டிக் நியூரோசிஸ்’ என்று பெயர் வைத்தபோதும், 1915இல் சார்லஸ் மயர்ஸ் லான்செட் இதழில் போர்முனைச் சிப்பாய்களின் ‘ஷெல் ஷாக்’ பற்றி எழுதியபோதும் அதே சந்தேகம் கூடவே வந்தது: இவன் நிஜமாகவே நோயாளியா, நடிக்கிறானா? அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இதற்கு முறையான பெயரும் இடமும் கிடைத்தது 1980இல்தான், வியட்நாம் போர் முடிந்து ஐந்து ஆண்டு கழித்து.

தமிழில் புண்ணுக்குப் பஞ்சமில்லை. ‘புண்’ திராவிட மொழிகளின் பொதுச்சொத்து. மலையாளத்தில் புண்ணு, கன்னடத்தில் ஹுண்ணு. மார்பில் பட்டால் விழுப்புண், பெருமை. முதுகில் இருந்தால் புறப்புண், மானக்கேடு. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த ஆயுதம் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைக் குறிவைத்துத்தான் வந்தது. ஆனால் முதுகிலும் புண்ணாயிற்று. அந்தப் புறப்புண்ணுக்கு நாணி அவன் வடக்கிருந்து உயிர் விட்டான் என்கிறது புறநானூறு. ஆயுதம் அவனைக் கொல்லவில்லை. அந்தப் புண்ணுக்கு ஊர் வைத்திருந்த பெயர் கொன்றது.

‘வடு’ இன்னும் நுட்பமான சொல். புண் ஆறியபின் எஞ்சும் தழும்பு அது. பழி என்ற பொருளும் உண்டு. அடக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், நெருப்பு சுட்டதைப் புண் என்றும் நாக்கு சுட்டதை வடு என்றும் சொல்லை மாற்றுகிறார். ஏன் மாற்றினார் என்று பரிமேலழகர் நின்று கவனிக்கிறார்: ஆறிப்போவதால் அது புண், ஆறாமல் கிடப்பதால் இது வடு என்பது அவர் உரை. தழும்பு என்றாலே ஆறியது என்றுதான் நாம் நினைப்போம். வெளியே ஆறியதுபோல் தெரிந்து உள்ளே ஆறாமல் கிடப்பதைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

‘அதிர்ச்சி’ ஏன் கூடாது? அதிர்தல் ஒரு கணத்தில் நடந்து அடங்கும் செயல். மணி அதிரும், தரை அதிரும், நின்றுவிடும். மின்சாரம் தாக்கினாலும் அதிர்ச்சி. தக்காளி விலை ஏறினாலும் இல்லத்தரசிகள் அதிர்ச்சி. முப்பது ஆண்டுக்கு முன் நடந்ததற்காக இன்று இரத்த அழுத்தம் ஏறுகிற ஒருத்தியின் நிலையை அந்தச் சொல் தாங்காது.

இலங்கைத் தமிழர் இதை நமக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். தீர்க்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே வடுப்பட்ட மனங்கள் என்று பொருள்படுவது. அங்கே ‘மனவடு’ வழக்கில் வந்துவிட்ட சொல். நாம் ‘கவுன்சிலிங்’ என்று சொல்வதை அவர்கள் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். அந்தத் ‘துணை’ எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது பரவிவரும் ‘ஹெல்த் கோச்’ வேலைக்கும் அது பொருந்தும். கோச் என்பது ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த வண்டியின் பெயர். ஆளைச் சேரவேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பவர் என்ற கருத்தில் பிறகு பயிற்சியாளருக்கு ஆயிற்று. நமக்கு அது இன்னும் ரயில் பெட்டிதான்.

அடுத்தது ‘இன்ஃபார்ம்ட்’. மொழிபெயர்த்தவர் சறுக்கிய இடம் இது. தகவல் சேகரிப்பது இதன் பொருளன்று. வந்தவளின் கதையைத் தோண்டி எடுக்கச் சொல்லவும் இல்லை. எந்த நோயாளியின் இரத்தத்திலும் தொற்று இருக்கலாம் என்று கருதி எல்லோருக்கும் கையுறை போடுகிறோமே, அதைப் போன்றது. யாரிடமும் வடு இருக்கலாம் என்று அறிந்து எல்லோரிடமும் நடந்துகொள்வது. தொடுமுன் கேட்பது, செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய்வது, திரையை இழுத்துவிடுவது, “நிறுத்துங்க” என்றால் நிறுத்துவது.

அறியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான் டியாகோவில் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி நடத்திய உடல்பருமன் சிகிச்சை நிலையம் சாட்சி. 1980களில் அங்கே எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். விசாரித்ததில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பருமன் சிலருக்கு ஒரு கவசம்; அதைத்தான் மருத்துவர்கள் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவக் கொடுமைகளுக்கும் பிற்காலத்து இதயநோய் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. “உனக்கு என்ன கோளாறு?” என்று கேட்டவர்கள் “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று யோசிக்கத் தொடங்கினார்கள். நம் பாட்டிகள் இதைக் கொஞ்சம் அறிந்திருந்தார்கள். காய்ச்சலில் பிதற்றும் குழந்தையைப் பார்த்ததும் “பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு” என்பார்கள். அடுத்து வேப்பிலை அடிப்பது வேறு கதை.

வேப்பிலை என்றதும் செவிலி நினைவுக்கு வருகிறாள். நர்ஸ் என்ற சொல்லின் லத்தீன் மூலம் ஊட்டி வளர்ப்பது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் ‘தாதி’ வடமொழி தாத்ரியின் வழி, அவளும் பாலூட்டுபவள். நம் செவிலி சங்கப் பாடல்களின் வளர்ப்புத் தாய். பெண் மெலிகிறாள், வளை கழல்கிறது, தூக்கமில்லை. அகப்பாடல்களில் தாயும் செவிலியும் என்ன செய்கிறார்கள்? கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறார்கள். முருகன் அணங்கினான் என்று வேலன் என்னும் பூசாரியை அழைத்து, ஆட்டை அறுத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். நோய்க்குக் காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன் என்பது தோழிக்குத் தெரியும். அவளே தக்க நேரத்தில் உண்மையைச் சொல்லி அறத்தொடு நிற்கிறாள். அது காதல் நோய், கொடுமையின் வடு அன்று, ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனாலும் உலகத்தில் வேறெந்த மொழியாவது தவறான நோயறிதலை இவ்வளவு பாடல்களில் பாடியிருக்குமா என்று வியப்பாக இருக்கிறது. அந்தத் தோழி செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம்.

கையேட்டில் கடைசியில் ‘மனவடு அறிந்த பராமரிப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் நீளம்தான். ‘அதிர்ச்சி’ வந்த இடமெல்லாம் அடித்துவிட்டேன். இதை வாசிக்கும் செவிலியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தொட்டதும் சுருங்கிக்கொள்ளும் நோயாளியைப் பற்றி ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் எந்தச் சொல்லால் சொல்கிறீர்கள்? இதைவிடச் சிறியதாக, இதைவிட நல்லதாக இருந்தால் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம்.