வயல் களையில் எழுந்த புல்வெளி

வெயில் நாடுகளின் புல்வெளிகளை ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை என்று சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. வீட்டின் முன்னால் பயிரோ பூச்செடியோ இல்லாமல் புல்லை மட்டும் வளர்த்து, மட்டமாக வெட்டி வைக்கும் ஆசை இங்கிலாந்தின் மாளிகைகளில் பிறந்தது. 1830இல் எட்வின் பட்டிங் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது. ஆனால் அந்த நாட்டுப் புல் இந்தியச் சமவெளியில் தாக்குப்பிடிக்கக்கூடியது அல்ல. குளிர்நாட்டுப் புற்கள் 15 முதல் 24 டிகிரி வெப்பத்தில் செழிப்பவை. நம் சித்திரை வெயிலில் கருகிவிடும். துரைமார் ஆசைப்பட்ட பச்சையை இங்கே விரித்துக் கொடுத்தது அருகு: உழவர் களையென்று பிடுங்கி எறிவதும், பிள்ளையாருக்குச் சாத்துவதுமான அதே புல். அந்தப் புல்லை ஏற்றுக்கொண்டவர்கள் அதன் இயல்பை ஏற்கவில்லை. ஆண்டு முழுவதும் மாறாத பச்சையை அதனிடம் கேட்டார்கள். வெயில் நாட்டுப் புல்வெளி இத்தனை தண்ணீரையும் உழைப்பையும் விழுங்குவதற்கு முதற்காரணம் அதுதான்.

அருகின் இயல்பு என்ன? 27 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் அது முழு வேகத்தில் வளரும். மண்ணுக்கு மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு என இரண்டு வழிகளில் பரவும். கணுவுக்குக் கணு வேர்விடும். திருமண வாழ்த்தில் ‘அருகுபோல் வேரூன்றி’ என்று சொல்வது வெறும் அலங்காரம் அல்ல. வேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. மழை பொய்த்தாலோ கடுங்குளிர் வந்தாலோ இலைகள் வைக்கோல் நிறமாகிவிடும். தண்டுகளோ மண்ணுக்குள் உயிரோடு காத்திருந்து, பருவம் திரும்பியதும் துளிர்க்கும். இந்தியத் தோட்டக்காரர்கள் புல்வெளி அமைத்த முறையே கணுக்களின் இந்த ஆற்றலுக்குச் சான்று. அருகைத் துண்டு துண்டாக நறுக்கி, தோட்டமண்ணும் மாட்டுச்சாணமும் சேர்த்துக் கூழாகக் குழைத்து, சமப்படுத்திய தரையில் விரற்கடை கனத்துக்குப் பூசுவார்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகிவிடும். அதன் பிறகு ஓயாத வேலை ஒன்று உண்டு: கோரை. மேலே கிள்ளினால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், கொத்தால் கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு இயந்திரம் வந்தது. கோரை எடுக்கக் குந்தி உட்கார ஆள்தான் வேண்டியிருந்தது.

மாறாத பச்சை கேட்கும் ஆசையின் உச்சத்தைப் புது டில்லியில் காணலாம். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து, தோட்டக்கலை வல்லுநர் வில்லியம் மஸ்டோ நட்டு வளர்த்த வைஸ்ராய் மாளிகைத் தோட்டம்தான் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்தத் தோட்டம். அதன் புல்தரைக்குக் கல்கத்தாவின் பெல்வடேர் மாளிகை வளாகத்திலிருந்து அருகு கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன், புல் முழுவதையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புது மேல்மண் பரப்புவது அங்கே வழக்கம். ஏறக்குறைய மூன்று வாரத்தில் தரை மறுபடி மூடிக்கொள்ளும். மூன்றே வாரத்தில் மூடுவது அருகின் வல்லமை. ஆண்டுதோறும் பெயர்த்தாக வேண்டும் என்பது, துளியும் குறையாத தோற்றம் கேட்ட அரண்மனையின் தேவை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. அமெரிக்கர் பெர்முடா புல் என்று அழைப்பதும் நம் அருகையே. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் தேர்ந்தெடுத்து வளர்த்த, அருகும் அதன் தென்னாப்பிரிக்க உறவுப் புல்லும் கலந்த டிஃப்வே 1960இல் வெளியானது. இன்று உலகின் வெப்பப் பகுதிகளில் எண்ணற்ற விளையாட்டுத் திடல்களை மூடியிருப்பது அதுதான். அது மலட்டுக் கலப்பினம், முளைக்கும் விதை கிடையாது. தண்டை நட்டுத்தான் பரப்ப வேண்டும். அதே மாநிலத்தில் 1933இல் திறக்கப்பட்ட அகஸ்டா கோல்ஃப் மைதானத்தில் அருகு குளிரில் பழுப்பாகும் என்பதால், இலையுதிர் காலந்தோறும் அதன் மேல் குளிர்நாட்டு ரைப் புல் விதைக்கப்படுகிறது. அங்கே ஏப்ரலில் நடக்கும் போட்டியில் தொலைக்காட்சி காட்டும் பளபளப்பான பச்சை அந்த ரைப் புல்லுடையது. கோடையில் அது மடிய, அடியிலிருந்து அருகு எழும்.

அருகை அதன் போக்கில் விட்டால் பழுத்துக் கிடக்குமே, அதைப் புல்வெளி என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். உறங்கும் அருகும் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, புழுதியை அடக்குகிறது. அடுத்த மழைக்குத் தானே பச்சையாகிறது. விதைப்பும் நடவும் தேவையில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது: தண்ணீர்ப் பஞ்சமுள்ள நகரத்தில் புல்வெளியே வீண், மரம் நடலாமே. பார்வைக்கு மட்டும் விரித்த புல்லைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. தாஜ்மகால் தோட்டத்தில் முன்பு மரங்கள் அடர்ந்திருந்தன. கர்சன் காலத்தில் அவை அகற்றப்பட்டுப் புல்தரை அமைந்தது. வெயில் நாட்டில் நிழலைக் கொடுத்துப் பச்சையை வாங்கியது நல்ல பேரம் அல்ல. ஆனால் குழந்தைகள் ஓடவும் ஊர் கூடி உட்காரவும் திறந்த தரை வேண்டும். அங்கே சிமென்ட் கல்லைவிட அருகு மேல்: வெயிலில் குறைவாகவே சுடும், மழைநீரை மண்ணுக்குள் விடும். மர நிழலில் அருகு வளராது என்பதால், இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவதே முறை.

ஆகவே நம் மாநகராட்சிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்கள் புழங்கும் இடத்தில் மட்டும் அருகை வளருங்கள். மற்ற இடத்தை மரங்களுக்கு விடுங்கள். புல்லுக்குக் குடிநீர் வேண்டாம், சுத்திகரித்த கழிவுநீர் போதும். கோடையில் அது பழுத்தால் பழுக்கட்டும். கோரை எடுக்கக் குனிந்து உட்காரும் பெண்களுக்கு நிழல் நேரமும் நியாயமான கூலியும் கொடுங்கள்.