கவசம் அடித்த கை பூச்சி செய்த கதை



இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம் கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள். பட்டத்து ராஜாக்களின் வரிசை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இன்றைய பாடம் பூச்சி, அதுவும் இரும்பில் அடித்த பூச்சி.

ஜப்பானில் ‘ஜிசாய் ஒக்கிமோனோ’ என்று ஒரு கலைப்பொருள் உண்டு. ‘ஜிசாய்’ என்றால் இஷ்டம்போல் அசையக்கூடியது. ‘ஒக்கிமோனோ’ என்றால் வீட்டில் அழகுக்கு வைக்கும் பொருள். உலோகத்தில் செய்த வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, கொம்பு வண்டு, குளவி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் உண்டு. பல பூச்சிகள் நிஜ அளவிலேயே இருக்கும். கையில் எடுத்துக் காலை மடக்கினால் மடங்கும். இறக்கையை விரித்தால் விரியும். உணர்கொம்பைக்கூடத் திருப்பலாம். உள்ளே ஸ்பிரிங்கோ இயந்திரமோ கிடையாது. எல்லாம் ஆணியும் தகடும் கைவேலையும்தான்.

இவற்றைச் செய்யத் தொடங்கியவர்கள் பொம்மைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போர்வீரர்களுக்குத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் அடித்துக் கொடுத்த கொல்லர்கள் அவர்கள். அவர்களில் பேர்பெற்றது மியோச்சின் என்ற குடும்பம்.

கவசக் கொல்லன் ஏன் பூச்சி செய்யப் போனான்? இதற்குள்தான் வரலாறு இருக்கிறது.

1615-ல் ஒசாக்கா கோட்டை விழுந்தது. தொக்குகாவா வம்சத்துக்கு எதிராக நின்ற கடைசிப் பெரிய எதிரி அதோடு ஒழிந்தான். 1637-38-ல் ஷிமாபாராவில் ஒரு கிளர்ச்சி நடந்தது. அதை அடக்கிய பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் நாட்டில் பெரிய போரே இல்லை. ஊருக்கு நல்ல காலம். கவசக் கொல்லனுக்கு? சாமுராய்கள் ஊர்வலத்துக்கும் சடங்குக்கும் கவசம் வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் போரில் அடிபட்டு உடைந்தால்தானே புதிது வேண்டும்? பெட்டியில் வைத்த கவசம் தலைமுறை தலைமுறையாக இருக்கும்.

வேலை குறைந்தது. கையில் இருந்த வித்தை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வித்தை என்ன என்று பாருங்கள். இரும்பை உலையில் காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்து, மெல்லிய தகடாக அடிக்க வேண்டும். தட்டையான தகட்டைச் சுத்தியலால் தட்டித்தட்டி உடம்பின் வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தகட்டின் ஓரம் அடுத்த தகட்டின் மேல் ஏறி நிற்கும்படி அடுக்கி, ஆணி வைத்துப் பிணைக்க வேண்டும். ஆணி இறுகினால் வீரன் கையைத் தூக்க முடியாது. தளர்ந்தால் ஈட்டி உள்ளே நுழைந்துவிடும். உறுதியும் வேண்டும், அசைவும் வேண்டும்.

இப்போது ஒரு வண்டைப் புரட்டிப் பாருங்கள். நமக்கு எலும்பு உள்ளே, வண்டுக்கு ஓடு வெளியே. வயிற்றில் வளையத்தின் மேல் வளையம் ஏறி நிற்கிறது. காலில் கணுவுக்குக் கணு மூட்டு. கவசம் போட்டுக்கொண்டே பிறந்த வீரன் மாதிரி இருக்கிறது. கவசம் அடித்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்த வகையில் காலம் பொறிக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1713-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மியோச்சின் முனேஅக்கி செய்த இரும்பு டிராகன் அது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாம்பு மாதிரி உடம்பு முழுக்க வளையும். பிறகு பாம்பு, நண்டு, இறால், மீன், பருந்து என்று வரிசை நீண்டது. பூச்சிகளும் சேர்ந்தன.

பூச்சி அங்கே அற்பமான பொருளும் அல்ல. தட்டானுக்கு ‘வெற்றிப் பூச்சி’ என்று பெயர். பின்வாங்காமல் முன்னோக்கியே பறக்கும் என்று நம்பி, வீரர்கள் அதைத் தங்கள் ஆயுதங்களிலும் தலைக்கவசங்களிலும் சின்னமாக வைத்தார்கள். எடோ காலத்து நகரங்களில், ரீங்காரமிடும் பூச்சிகளைச் சிறு கூண்டில் அடைத்துத் தெருவில் கூவி விற்ற வியாபாரிகளும் உண்டு. பூச்சியை உற்றுக் கேட்கும், உற்றுப் பார்க்கும் ஊர் அது.

இரண்டாவது அடி இதைவிடப் பெரிது. 1868-ல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1871-ல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் கலைக்கப்பட்டன. 1876-ல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. அதுவரை கொஞ்சநஞ்சம் கவசம் வாங்கிக்கொண்டிருந்த கூட்டமே இல்லாமல் போயிற்று. கொல்லன் ஒரு தப்பும் செய்யவில்லை. காலம் மாறியது, அவ்வளவுதான்.

அப்போது வேறொரு கதவு திறந்தது. 1873-ல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜப்பான் அரசு பெரிய அளவில் கலந்துகொண்டது. ஐரோப்பியர்கள் ஜப்பானிய உலோக வேலையைப் பார்த்து வியந்து வாங்கினார்கள். ஏற்றுமதி வளர்ந்தது. கானாசாவாவில் 1869-ல் பிறந்த தகாசே கோசான் என்பவர் கியோட்டோவில் பட்டறை நடத்தி, இந்த அசையும் உருவங்களுக்குப் பேர் வாங்கினார். பூச்சிகள் அவர் பட்டறையின் சிறப்பு. 1934-ல் காலமானார்.

இந்தக் காலத்துப் பூச்சிகளில் இரும்போடு செம்பு, வெள்ளி, கலப்பு உலோகங்களும் வந்தன. ‘ஷாக்குடோ’ என்று ஒன்று. செம்பில் சிறிதளவு தங்கம் சேர்த்து, மருந்து நீரில் பக்குவப்படுத்தினால் நீலம் ஓடிய கறுப்பு நிறம் வரும். வண்டின் முதுகுக்கு வேறென்ன வேண்டும்? ‘ஷிபுயிச்சி’ என்றால் நாலில் ஒன்று என்று பொருள். செம்பும் வெள்ளியும் கலந்தது, சாம்பல் நிறம் தரும். மேலே பெயிண்ட் கிடையாது. உலோகமே நிறமாக மாறும்.

கோசான் பட்டறையில் வேலை செய்த தோமிக்கி குடும்பத்தார் இந்த வித்தையை விடாமல் காத்தார்கள். அந்த வழியில் வந்த தோமிக்கி முனேயுகியிடம் கற்றுக்கொண்டவர் மித்சுதா ஹருவோ. 1980-ல் பிறந்தவர். இன்றும் நிஜ அளவில், நிஜப் பூச்சிக்கு எத்தனை மூட்டோ அத்தனை மூட்டுடன் செய்துகொண்டிருக்கிறார்.

மியோச்சின் குடும்பத்தின் இன்னொரு கிளை ஹிமேஜி நகரத்தில் இருக்கிறது. கவச வேலை போனதும் அவர்கள் கணப்பில் கரித்துண்டு எடுக்கும் இரும்புக் குச்சிகளை அடித்து விற்றார்கள். பிறகு வீடுகளில் காஸும் மின்சாரமும் வந்தன. கரியும் போயிற்று, குச்சியும் போயிற்று. அந்தக் குச்சிகள் ஒன்றோடொன்று உரசும்போது எழும் ஒலி மட்டும் மணி மாதிரி இருக்கும். நாலு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றுமணி ஆக்கினார்கள். இன்று அதற்குத்தான் அந்தக் குடும்பத்தின் பெயர். கவசம், கரிக்குச்சி, காற்றுமணி. பொருள் மூன்று, சுத்தியல் ஒன்றுதான்.

சரி, இனி காயலான் கடைக்கு வருவோம். பழைய இரும்பில் பூச்சி செய்யும் கலை ஐரோப்பாவில் வேறு வழியாக வந்தது. தொழிற்சாலைகள் பெருகி, பழைய இரும்பு மலையாகக் குவிந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஸ் வெல்டிங் வந்தது. இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆக்சிஜனும் அசிட்டிலினும் சேர்ந்த சுடர் 3000 டிகிரியைத் தாண்டும். உலை இல்லாமலே இரண்டு துண்டு இரும்பை ஒட்டலாம்.

ஸ்பெயின் நாட்டு ஹூலியோ கொன்சாலஸ் உலோக வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரின் முடிவில், 1918-ல், பாரிஸ் அருகே ரெனோ தொழிற்சாலையில் வேலை செய்தபோது வெல்டிங் கற்றார். போர்க்காலத் தொழிற்சாலையில் பழகிய கை, பத்து வருஷம் கழித்து, 1928-ல் பிக்காசோவுக்கு இரும்புச் சிற்பம் செய்ய உதவியது. அந்தப் பிக்காசோ 1942-ல் பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார். தூக்கிப்போட்ட பொருளில் ஓர் உயிரைக் காணலாம் என்று உலகத்துக்குக் காட்டிய வேலை அது.

இன்று அந்த வழியில் பூச்சி செய்பவர்களில் பிரான்சின் எதுவார் மார்த்தினே குறிப்பிடத்தக்கவர். சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் பாகங்கள், பழைய டைப்ரைட்டர், சமையலறைச் சாமான் எல்லாம் அவரிடம் பூச்சியாகும். வெல்டிங் வைப்பதில்லை. திருகாணியால் பூட்டுகிறார். ஒரு பாகம் பொருந்தவில்லை என்றால் அதை வெட்டி ஒட்டித் தேற்றமாட்டார். சரியான பாகம் கிடைக்கும்வரை காத்திருப்பார்.

ஜப்பானியக் கொல்லன் தகட்டைப் பூச்சியின் வடிவுக்குக் கொண்டுவந்தான். இவர் ஏற்கெனவே இருக்கும் பொருளில் பூச்சியின் வடிவைத் தேடுகிறார். இருவருக்கும் வேண்டியது ஒன்றே. வெட்டுக்கிளியின் பின்னங்கால் எங்கே பருக்கும், எங்கே மெலியும் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? உங்களில் பலருக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. அச்சுக்கோத்தவர், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர், லேத்தில் நின்றவர் எல்லோரும் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களும் இப்போது அதே கவலையை எழுதுகிறீர்கள்: “சார், நான் கற்றதுக்கு இனி மதிப்பு இருக்குமா?”

எல்லாக் கவசக் கொல்லர்களும் பிழைத்தார்கள் என்று நான் சொன்னால் அது பொய்ப் பாடம் ஆகிவிடும். பலருடைய உலை அணைந்தேதான் போயிருக்கும். பேர் தெரிந்தவர்களைத்தான் வரலாறு சொல்கிறது. பூச்சியை வாங்க ஓர் அந்நியச் சந்தை திறந்ததும் அதிர்ஷ்டம்தான். ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். அவர்கள் விற்ற பொருளுக்குத்தான் காலம் முடிந்தது. தகட்டை வளைக்கத் தெரிந்ததும், அசையும்படி ஆணி அடிக்கத் தெரிந்ததும் அப்படியே இருந்தன. உங்கள் வேலைக்கு ஊர் வைத்த பெயர் ஒன்று, உங்கள் கைக்கு உண்மையில் தெரிந்தது இன்னொன்று. இரண்டாவதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் நீங்கள் நினைப்பதைவிட நீளமாக இருக்கும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்று ஒரு வேலை செய்யுங்கள். மொட்டைமாடியில் கிடக்கும் பழைய சைக்கிள் செயின், ஸ்பூன், போல்ட்டு நட்டு எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் கொட்டுங்கள். கை பத்திரம், துருப்பிடித்த முனை ஆகாது. ஒரு பூச்சி செய்யச் சொல்லுங்கள். கால் ஆறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எட்டு வைத்தால் அது சிலந்தி, மார்க் கிடையாது!

செய்ததைப் படமெடுத்துக் கீழே போடுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்