தாயகம் திரும்பியோர் (கன்னியாகுமரி மாவட்டம்)

தாயகம் திரும்பியோர் என்போர், 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் வழியினரும் ஆவர். இவர்களுள் ஒரு பகுதியினர் குமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பகுதி ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அத்தோட்டங்களை 1984 முதல் அரசு ரப்பர் கழகம் நடத்துகிறது.

இவர்களின் முன்னோரைக் காப்பிக்கும் தேயிலைக்குமாகக் கங்காணிகள் கடல் கடத்திக் கொண்டுபோனார்கள். மலைநாட்டைத் தோட்டமாக்கிய அம்மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைகள் அங்கே அன்றாடப் பேச்சாயின. பின்னதைச் சொன்னவர்களில் தமிழரும் உண்டு. ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது; மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களின் கருத்தைக் கேட்காமல் செய்த ஒப்பந்தம் இது. அநீதியென்றே இதைச் சொல்ல வேண்டும்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய பலர் இந்தியாவை அதற்குமுன் கண்டதில்லை. அங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் இங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். 1983க்குப் பின் போருக்குத் தப்பி ஏதிலிகள் வந்தபோது, இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த இவர்களையும் தமிழ்நாட்டில் பலர் ‘அகதி’ என்றே அழைத்தனர். 1991இல் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் இலங்கைப் பேச்சுவாடையே சந்தேகத்துக்கு இடமாயிற்று. சாதிச் சான்றிதழ் பெறுவதிலும் தாயகம் திரும்பியோர் பல மாவட்டங்களில் அலைக்கழிக்கப்பட்டனர்.

இத்தகைய புறக்கணிப்பு இவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஐரிஷ் மக்களை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஐரிஷார் விண்ணப்பிக்க வேண்டாம் என்ற வேலை விளம்பரங்கள் எதிர்கொண்டன. அவர்கள் சென்றது அயல்நாட்டுக்கு. இவர்கள் வந்ததோ சொந்தநாடு எனப்பட்ட இடத்துக்கு. மலையாளிகள் ‘பாண்டி’ என்று இகழ்ந்ததைக் கேட்டுப் புண்பட்ட தமிழர் வாழும் மாவட்டம் குமரி. இன்னொருவரை ஊர்ப்பெயரால் தாழ்த்துவது எத்தகைய காயம் என்பதை இம்மண் அறிந்தே இருக்க வேண்டும்.

தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள் இங்கே பால்வெட்டுக் கற்றன. விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, பட்டையைச் சீவி, பால் வடிந்து நிறைந்தபின் சேகரித்துத் திரும்பும் வேலை அது. குடியிருப்பு வேலையோடு கட்டுண்டது என்பதால், ஓய்வுபெற்றபின் எங்கே போவது என்ற கவலை தோட்டக் குடும்பங்களை விடாது தொடர்கிறது.

பெருமாள்புரம், பழவிளை போன்ற இடங்களிலுள்ள ஏதிலி முகாம்வாசிகளின் சட்டநிலை வேறு. அம்முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று 2021இல் தமிழ்நாடு அரசு பெயர் மாற்றியது. கீரிப்பாறையில் பால் வெட்டும் தாயகம் திரும்பியோர் அகதிகள் அல்லர். ஒப்பந்தப்படி வந்த இந்தியக் குடிமக்கள்.