மேகத்துக்குப் பெயர் வைத்த கதை



"இந்த வாரம் மழை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்" என்று என்னைக் கேட்காத குடியானவர் கிடையாது. உரம் போட வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், கடலை பிடுங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வானம் சம்மதிக்க வேண்டும் அல்லவா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வித்தை எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால், வாராவாரம் வருகிற அறிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நாமே அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

மேகம் என்பது நினைத்தபடி உருமாறுகிற புகை, அதற்கு ஒழுங்கு ஏது என்றுதான் மேல்நாட்டு அறிஞர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். லண்டனில் லூக் ஹோவர்டு என்று ஒருவர். தொழில் மருந்துச் சரக்கு வியாபாரம். சிறு வயது முதலே வானத்தைப் பார்ப்பதில் பைத்தியம். 1802ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சிறிய சங்கத்தின் கூட்டத்தில் அவர் பேசினார். மேகங்கள் எத்தனை வேஷம் போட்டாலும் அடிப்படை வகை மூன்றுதான் என்றார். தலைமயிர் இழை போன்றது 'சிரஸ்', குவியல் போன்றது 'குமுலஸ்', பாய் விரித்தாற்போல் பரவியது 'ஸ்ட்ராட்டஸ்'. மழை கொட்டுவதற்கு 'நிம்பஸ்' என்று பெயர். எல்லாம் லத்தீன் பெயர்கள். அதே 1802இல் பிரான்சில் லமார்க் என்ற விஞ்ஞானியும் பெயர் வைத்தார். அவர் பிரெஞ்சில் வைத்தார், அது நிலைக்கவில்லை. பெயர் வைப்பதிலும் அதிர்ஷ்டம் வேண்டும் போலிருக்கிறது! 1896இல் உலக நாடுகளுக்குப் பொதுவான மேகப் படப் புத்தகம் வெளிவந்தது. இன்றைக்கும் பத்து வகை என்பதுதான் கணக்கு.

பத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது நாலைந்துதான்.

வெகு உயரத்தில் குதிரைவால் மாதிரி வெள்ளை இழை ஓடுகிறதே, அதில் தண்ணீர் கிடையாது, பனித்துகள்தான். அதனால் மழை பெய்யாது. ஆனால் அந்த இழை நாளுக்கு நாள் பெருகி, மெல்லிய வெள்ளைத் துணி போல வானத்தை மூடி, நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டினால் கவனியுங்கள். கடலில் எங்கோ உருவான மழைக் கூட்டத்தின் தலைப்பகுதி முன்னாலே பரவி வந்திருக்கலாம். 'அகல் வட்டம் பகல் மழை' என்று நம் பெரியவர்கள் சொன்னது வீண்பேச்சல்ல. நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் சின்ன வட்டம் வேறு ரகம். அது நீர்த்துளி மேகத்தில் தெரிவது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, காலையில் பஞ்சுப் பொதி மாதிரி சின்னச் சின்னதாக, அடிப்பக்கம் தட்டையாக மிதப்பது. மத்தியானம் வரை அப்படியே இருந்தால் பயமில்லை, மருந்து அடிக்கலாம். பதினோரு மணிக்கே அது காலிபிளவர் மாதிரி மேலே மேலே மொந்தையாக எழும்பினால் விஷயம் வேறு. சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை இப்படித்தான் பிறக்கிறது. அதன் உச்சி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் போய், கொல்லன் பட்டடைக்கல் போலத் தட்டையாக விரிந்துவிட்டால், மின்னலும் சூறையும் நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வயலில் நிற்காதீர்கள். மரத்தடிக்கும் போகாதீர்கள். மாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் இராது. சூரியன் இருக்கிற இடமே தெரியாமல் சாம்பல் நிறத்தில் ஒரே மூட்டமாக மூடிக்கொண்டு, கொண்டல் காற்றோடு விட்டு விட்டுப் பெய்யும்.

சரி, மேகத்துக்குப் பெயர் வைத்தாயிற்று. மழையை முன்கூட்டிச் சொல்வது? அதற்குக் காரணமாய் இருந்தது பட்டினி. 1875இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது, அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. மறு வருஷமே மழை பொய்த்து, நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன அந்தக் கொடுமை தொடங்கியது. லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா என்று அரசாங்கம் கேட்டது. இமயமலையில் உறைபனி மிகுந்த வருஷம் பருவமழை குறைகிறது என்பதை வைத்து, பிளான்ஃபோர்டு சில வருஷம் சோதித்துப் பார்த்து, 1886 முதல் முறைப்படி அறிவிக்கலானார். அதுவும் எப்போதும் பலிக்கவில்லை. 1899இல் நல்ல மழை என்று துறை சொல்ல, வந்ததோ பெரும் பஞ்சம்.

குடியானவருக்கென்று தனி வானிலை அறிக்கை வானொலியில் வரத் தொடங்கியது 1945இல். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்த 1960களில், வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து மழைச் செய்தி கேட்காத ஊர் குறைவு.

அந்த அறிக்கையில் வரும் வார்த்தைகளுக்குக் கணக்கு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் நூறு மழைமானிகளில் இருபத்தைந்துக்குள் மழை பதிவாகும் என்று பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் எழுபத்தைந்துக்கு மேல். 'கனமழை' என்பது ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20 செ.மீ., அதற்கும் மேலே 'அதி கனமழை'. ஓரிரு இடம் என்றால் நம்ம ஊர் இல்லை என்று தள்ளிவிடுகிறோமே, அந்த ஓரிரண்டில் ஒன்று நம்ம ஊராகவும் இருக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2023 தை மாதம். டெல்டாவில் சம்பா அறுப்பு. "மிஷின் ரெண்டு நாள் கழிச்சு வரட்டுமா சார்?" என்று ஒருவர் கேட்டார். கையில் இருந்த அறிக்கையில் ஓரிரு இடம் என்றுதான் இருந்தது. "வரட்டும், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அவர் தகப்பனார், "நேத்து ராத்திரி நிலாவுக்குப் பெரிய வட்டம் கட்டியிருந்துதே தம்பி" என்றார். நான் சிரித்தேன். என் கையில் இருந்தது மூன்று நாள் பழைய அறிக்கை. அதற்குள் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, புது எச்சரிக்கையும் வந்துவிட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. பிப்ரவரி 2ஆம் தேதி அது இலங்கைக் கரையைத் தொட்டது, டெல்டா முழுக்க மழை. அவர் வயலில் கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரியவர்கள் சொன்னதெல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. 'கார்த்திகைக்குப் பின் மழையில்லை' என்பார்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில், அதாவது மார்கழியில் வந்தது. 2023இல் மார்கழி பிறந்த அன்றைக்குத்தான் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். அறிக்கையை எடுத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அன்றைய அறிக்கை இல்லை என்றால் மறுபடி கேளுங்கள். பிறகு வெளியே வந்து மேகத்தைப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லையென்றால் அன்றைக்கு யூரியாவைக் கொட்டாதீர்கள், மூட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். அறுப்புக்குத் தயாரான நெல் இருந்தால், மிஷின் இன்றைக்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள்.