கல்லுல வெட்டுனா காணி கைமாறிடுமா?

எங்க ஊரு கீரனூர்ல இருந்து புதுக்கோட்டை ரோட்டுல போனா நார்த்தாமலை. சின்ன வயசுல பாறை ஏறி விளையாடினதோட சரி, அங்க கல்வெட்டு இருக்குன்னே உறைக்கலை. நம்ம பக்கத்துக் கோயில் கல்வெட்டு பலதும் இன்னார் இன்ன நிலம் கொடுத்தார்னு சாட்சி சொல்லும். சாட்சி மட்டும்தான். நிலத்தைக் கைமாத்திக் கொடுக்கிறது கல்லு இல்லை.

பொட்டி தட்டுற ஆளுங்க இதை மறந்தா என்ன ஆகும்? அதுக்கு ஒரு கதை இருக்கு.

2015 ஜூலையில் எதீரியம் ஓட ஆரம்பித்தது. நிபந்தனையை புரோகிராமா எழுதி வெச்சா அதுவே பணத்தைக் கைமாத்தும். அதுதான் ஸ்மார்ட் காண்ட்ராக்ட். எழுதற மொழி சாலிடிட்டி. அதுல 'ஈவென்ட்'ங்கறது நடந்ததை வெளியாளுங்க படிக்கப் பதிஞ்சு வைக்கிற குறிப்பு. செலவு கம்மி. ஆனா பதிஞ்ச காண்ட்ராக்ட்டாலயே அதைத் திரும்பப் படிக்க முடியாது. அசல் கல்வெட்டு! 'இன்ஹெரிட்டன்ஸ்'னா பாட்டன் சொத்து மாதிரி. தாய் காண்ட்ராக்ட்ல இருக்கிறது சேய்க்கும் வந்துடும்.

2016ல சுமார் 15 கோடி டாலர் திரட்டின 'தி டாவோ' இப்படித்தான் டோக்கன் காண்ட்ராக்ட்டோட வாரிசா எழுதப்பட்டது. சொத்தோட ரெண்டு பேர் வந்து சேர்ந்தாங்க. சின்ன 'டி' போட்ட டிரான்ஸ்ஃபர், டோக்கனை நிஜமாவே மாத்தும். பெரிய 'டி' போட்டது வெறும் ஈவென்ட். (தமிழ்ல இந்தத் தொல்லையே இல்லை பாருங்க :-))

ஒருத்தர் பிரிஞ்சு போகும்போது, அவர் டோக்கனை அழிச்சாச்சுன்னு பெரிய 'டி' குறிப்பு எழுதிச்சு. நிஜக் கணக்கை பூஜ்யமாக்கினது பணம் கொடுத்த பிறகுதான். அந்த இடைவெளியில திருடன் திரும்பத் திரும்ப உள்ளே நுழைந்தான். 2016 ஜூன் 17 அன்னிக்கு சுமார் 36 லட்சம் ஈதர் போச்சு. பெரிய 'டி' கைத்தவறுதலோன்னு அப்போ சிலர் சந்தேகப்பட்டாங்க. ஆனா மூலக் கோளாறு வரிசைதான்: முதல்ல கணக்கைக் கழி, அப்புறம் பணத்தைக் கொடு. நம்ம ஊரு மளிகைக் கடைக்காரருக்குத் தெரிஞ்ச பாடம்.

மொழியும் பாடம் படிச்சுது. 2018 மார்ச்சில் ஈவென்ட்டுக்கு முன்னால் போட 'எமிட்'ங்கற சொல் வந்தது, அதே வருஷக் கடைசியில் கட்டாயமாச்சு. தாய் எழுதினதை சேய் மாத்தணும்னா ரெண்டு பேரும் வெளிப்படையா சொல்லணும்னு 2019 டிசம்பரில் விதி வந்தது.

ஈதர் என்ன ஆச்சு? 2016 ஜூலை 20ல் பெரும்பாலோர் சேர்ந்து கணக்கை மாத்தி, பணத்தை உரியவங்க திரும்ப எடுத்துக்க வழி செஞ்சாங்க. ஒத்துக்காதவங்க பழைய வழியிலேயே போனாங்க. அதுதான் எதீரியம் கிளாசிக். ஆனா திருட்டு நடந்ததுக்கான பதிவு ரெண்டு பக்கமும் இன்னைக்கும் அப்படியே இருக்கு. கணக்கைத்தான் மாத்தினாங்க, கல்வெட்டைச் சுரண்டலை.

அடுத்த தடவை நார்த்தாமலை போனா அந்தக் கல்லுங்களைக் கொஞ்ச நேரம் நின்னு பார்க்கணும்.