ஊர் மாறுவோரும் இப்னு கல்தூனும்



இன்னார் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபெயர்கிறார், இன்னார் துபாயில் வீடு பார்த்துவிட்டார் என்ற செய்தி நம் மஹல்லாக்களில் அடிக்கடி காதில் விழுவதுதான். கேட்டவுடன் ‘துன்யாவின் ஆசை’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்போரும் நம்மிடையே உண்டு. பாடம் நடத்தும் நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே சொல்லியிருக்கிறோம். அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் ‘முகத்திமா’வைப் படித்தபின் அச்சொல் நம் நாவில் எளிதில் வருவதில்லை.

அவர்களுடைய குடும்பமே இடம்பெயர்ந்த குடும்பம். யமனின் ஹளரமவ்த் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட அவர்கள் அந்தலூஸின் இஷ்பீலியாவில், அதாவது இன்றைய செவில் நகரில், பல தலைமுறைகள் செல்வாக்கோடு வாழ்ந்தனர். காஸ்டில் அரசின் படைகள் தெற்கே நெருங்கி வரவே, 1248இல் அந்நகர் வீழ்வதற்கு முன்பே கடல் கடந்து செப்தாவுக்கும், பின்னர் தூனிஸுக்கும் சென்றனர். அங்கேதான் ஹிஜ்ரி 732 (கி.பி. 1332) ரமளான் முதல் நாளில் இப்னு கல்தூன் பிறந்தார்கள்.

அந்தலூஸிலேயே தங்கிவிட்ட முஸ்லிம்களின் நிலை என்னவாயிற்று? வளமான சமவெளிகளை இழந்து, கடலோரமும் மலையுமான கிரனடாப் பகுதிக்குள் அவர்கள் ஒதுங்க நேர்ந்தது. அங்கு மண் மெலிந்தது. எரு இட்டு, ஆள் வைத்துப் பாடுபட்டாலன்றி விளையாது. அந்தச் செலவு முழுவதும் தானியத்தின் விலையில் ஏறியது. வெளியூரார் இதனைக் கண்டு, அங்கே விளைச்சலே குறைவு போலும் என்று எண்ணினர். இப்னு கல்தூன் இதனை மறுக்கிறார்கள். அந்தலூஸ் மக்கள் பயிர்த்தொழிலில் வல்லவர்கள். சுல்தான் முதல் சாமானியர் வரை நிலம் இல்லாதார் அங்கே சிலரே. விலையை உயர்த்தியது நிலத்துக்கு ஆன செலவே என்பது அவர்களின் விளக்கம். அரசியல் எல்லை சுருங்கியதும் அடுப்படிச் செலவு பெருகியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பது நம்மை வியக்க வைக்கிறது.

இன்னோரிடத்தில் ஃபாஸ் நகரையும் திலிம்ஸானையும் ஒப்பிடுகிறார்கள். காழியோடு காழியை, வணிகரோடு வணிகரை, யாசகரோடு யாசகரை வைத்துப் பார்க்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் ஃபாஸின் யாசகர்கள் குர்பானிப் பிராணி வாங்கப் பணம் கேட்பதைத் தாமே கண்டார்களாம். இறைச்சி, நெய், சமைத்த உணவு, உடை, சல்லடை, பாத்திரம் என்று கேட்பார்களாம். திலிம்ஸானிலோ வஹ்ரானிலோ ஒருவர் இவ்வாறு கேட்டால் அதட்டித் துரத்தப்படுவார். ஃபாஸில் தொழில்கள் மிகுதி. வருவாயும் பெரிது, செலவும் பெரிது. அந்தப் பெருக்கத்தின் ஒரு துளி யாசகரின் கையிலும் விழுகிறது.

இதனால்தான் மேற்கு நாடுகளின் ஏழைகள் பலர் எகிப்துக்குச் செல்ல விரும்பினர். எகிப்தியர் வாரி வழங்குவோர், அவர்களிடம் புதையல் இருக்கிறது என்றெல்லாம் கதை பரவியிருந்தது. அந்நகரங்களின் மக்கள்தொகையும் உழைப்பின் பெருக்கமுமே காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். ஆனால் பெருநகரில் குடியேறுவது எல்லோருக்கும் இயலாது என்றும் எழுதத் தவறவில்லை. அங்கே தானியம் மலிவாகக் கிடைக்கலாம். கூலியும் மற்றப் பொருள்களும் விலை மிகுந்தவை. கிராமத்தில் சிறு வருவாயோடு நிறைவாக வாழ்ந்தவர் கையிருப்பு இன்றி வந்தால் விரைவில் திணறிப்போவார். சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமல் மூட்டை கட்டும் நம் இளைஞர்களிடம் இப்பகுதியைப் படித்துக் காட்டுவது நம் வழக்கம்.

1364இல் கிரனடா சுல்தானின் தூதராக இப்னு கல்தூன் செவிலுக்குச் சென்றார்கள். அங்கேயே தங்கிவிட்டால் மூதாதையரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாகக் காஸ்டில் மன்னர் பெத்ரோ கூறினார். அவர்கள் நயமாக மறுத்துவிட்டார்கள். சொந்த மண், அதுவும் இலவசமாக! ஆயினும் எந்த ஆட்சியின் நிழலில் தம் பிள்ளைகள் வளர்வார்கள் என்பதையும் அவர்கள் எண்ணியிருக்கக் கூடும் என்றே நாம் கருதுகிறோம்.

1382இல் ஹஜ்ஜைக் காரணம் கூறித் தூனிஸை விட்டுப் புறப்பட்டு, கெய்ரோவில் குடியேறினார்கள். அவர்கள் திரும்பி வரட்டும் என்று தூனிஸ் சுல்தான் குடும்பத்தை அனுப்ப மறுத்தார். எகிப்தின் சுல்தான் பர்கூக் பரிந்து எழுதிய பிறகே அனுமதி கிடைத்தது. 1384இல் குடும்பத்தார் ஏறி வந்த கப்பல் அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே மூழ்கியது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதன்பின்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் கெய்ரோவில் வாழ்ந்து, மாலிக்கி மத்ஹபின் காழியாகப் பலமுறை பொறுப்பேற்று, 1406இல் அங்கேயே மறைந்தார்கள். எகிப்தியக் காழிகளின் உடையை ஏற்காமல், தம் மேற்கு நாட்டு அங்கியையே அங்கும் அணிந்து வந்தார்கள்.